கற்பனை நகரத்தை விரிவாக்குதல்: புறநகரும் பொதுப் போக்குவரத்தும் சேர்க்க ஒரு வழிகாட்டி

கற்பனை நகரம் ஒன்றை வரைபடமாக வரைந்து வளர்ப்பவர்களுக்கு நகர மையத்தை வரைவது கடினமாக இருப்பதில்லை. ஆறு, கோட்டை, சந்தை, நான்கு பெருந்தெரு என்று கை தானாகவே போகும். சிக்கல் அதன் பிறகு, நகரத்தை வெளிப்புறமாக வளர்க்கும்போதுதான் தொடங்குகிறது. வெண்கரை என்று நான் பெயரிட்ட நகரத்தின் மையத்தை ஐந்து மாதத்தில் வரைந்தேன்; அதைச் சுற்றிப் பதினான்கு புறநகர்களை வரைய மேலும் எட்டு மாதம் ஆனது. அவற்றை இணைக்க மெட்ரோ பாதை போட உட்கார்ந்த மாலையில்தான், ரயில் போவதற்கு எங்குமே இடம் விடவில்லை என்பதும், விட்டிருந்தாலும் வழியில் இருந்த மேட்டில் ரயில் ஏறியிருக்காது என்பதும் தெரிந்தது. பதினான்கில் பதினொன்றை அழித்தேன். அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே, இரண்டாம் முறை நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வரைவதற்கு ஜேஓஎஸ்எம், அளக்கவும் உயரத் தரவைக் கையாளவும் க்யூஜிஐஎஸ், தடப் படத்தை அழகாக வரைய இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றுமே இலவசமானவை. இவற்றோடு ஏதாவது ஒரு விரிதாள் மென்பொருள் இருந்தால் போதும். உண்மையான செலவு உங்கள் நேரம்தான். அதன் கணக்கைக் கடைசிப் படியில் தந்திருக்கிறேன்.

1. வரையும் முன் நான்கு கோப்புகளைத் திறந்துகொள்ளுங்கள்

முதலாவது, சமவுயரக் கோடுகளும் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நீர்நிலைகளும் மட்டும் கொண்ட நிலப்படம். இரண்டாவது, ஒவ்வொரு புறநகருக்கும் ஒரு வரியாகப் பரப்பு, வீடுகள், மக்கள்தொகை ஆகியவற்றைக் குறிக்கும் விரிதாள். மூன்றாவது, தடங்களின் பட்டியல்: நீளம், நிலையங்கள், வேகம், வண்டிகளின் எண்ணிக்கை. நான்காவது, எந்த ஆண்டில் எது கட்டப்பட்டது என்று உங்கள் நகரத்தின் காலக்கணக்கில் எழுதிவைக்கும் பதிவேடு. பெயர்ப் பட்டியலையும் இந்தப் பதிவேட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது கோப்பைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு புறநகர் ரயிலுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதைப் பொறுத்தே அதன் தெருக்களின் வடிவம் அமையும் என்பதால், இந்தப் பதிவேடு இல்லாமல் வரைந்தால் எல்லாப் புறநகரும் ஒரே நாளில் முளைத்தவை போலத் தோன்றும்.

மலைகளைக் கையால் வரைய விருப்பமில்லாதவர்கள் விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவிலிருந்து ஒரு பகுதியை வெட்டி, திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். அது யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய தரவு. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உண்மையான தெருக்களை எடுத்து ஒட்டினால், அதன் ஓடிபிஎல் உரிமத்தின்படி நீங்கள் வெளியிடும் படத்தில் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதை அதே உரிமத்தில் வெளியிடவும் வேண்டும். தெருக்களை நீங்களே வரைவது எல்லா வகையிலும் எளிது.

ஜேஓஎஸ்எம் இந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்துவதற்கென்று உருவானது என்பதால், கை தவறினால் உங்கள் கற்பனைப் புறநகர் உண்மை வரைபடத்தில் ஏறிவிடக்கூடும். அப்படி ஏறினால் அதை நாசவேலையாகவே கருதி நீக்குவார்கள். கோப்பின் தலைவரியில் பதிவேற்றத்தை முற்றிலும் தடுக்கும் குறிப்பைச் சேர்க்க வசதி இருக்கிறது. முதல் தெருவை வரையும் முன் அதைச் சேர்த்துவிடுங்கள்.

2. உங்கள் ஒரு கிலோமீட்டர் உண்மையிலேயே ஒரு கிலோமீட்டர்தானா என்று பாருங்கள்

நான் செய்த பெரிய தவறுகளில் இது இரண்டாவது. பனிபடர்ந்த துறைமுக நகரம் வேண்டும் என்ற ஆசையில் வெண்கரையை 60 பாகை வட அட்சரேகையில், கடல் நடுவே வைத்திருந்தேன். உருண்டையான பூமியைத் தட்டையாகக் காட்டும் முறைக்கு வீழ்ப்பு என்று பெயர். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வீழ்ப்பில், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெரிதாகத் தெரியும். 60 பாகையில் நீளம் சரியாக இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் காட்டப்படும். வரைதளத்தின் அளவை அப்படியே நம்பி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்று நான் வைத்த நிலையங்கள் உண்மையில் 500 மீட்டர் இடைவெளியில் நின்றன. 200 ஹெக்டேர் என்று நினைத்த புறநகர் 50 ஹெக்டேர்தான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. நகரத்தை நிலநடுக்கோட்டுக்கு அருகில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. குளிர் நகரம்தான் வேண்டும் என்றால், க்யூஜிஐஎஸ்ஸில் பூமியை வடக்கு தெற்கான மண்டலங்களாகப் பிரித்து அளவு அதிகம் மாறாமல் காட்டும் யூடிஎம் வீழ்ப்பில் அந்த இடத்திற்குரியதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு யூடிஎம் மண்டலமும் 6 பாகை அகலம் கொண்டது. ஒரு நகரம் அதற்குள் தாராளமாக அடங்கும்.

3. வீடுகளுக்கு முன் பாதைக்கு இடம் ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள். கோபன்ஹேகன் நகரத்திற்கு 1947இல் வகுக்கப்பட்ட விரல் திட்டத்தில், புறநகர்கள் ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாக நீள, விரல்களுக்கு இடையே பசுமை நிலம் விடப்பட்டது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தாலே, பாதை முதலிலும் குடியிருப்பு பின்னாலும் வர வேண்டியதன் காரணம் புரிந்துவிடும்.

நிலப்படத்தில் மையத்திலிருந்து வெளியே ஒரு கோட்டை இழுத்து, அது கடக்கும் சமவுயரக் கோடுகளை எண்ணுங்கள். மெட்ரோ ரயில் 3 சதவீதச் சரிவு வரை எளிதாக ஏறும். 4 சதவீதம் என்பது அநேகமாக எல்லை. சரக்கு ரயிலும் ஓடும் பாதை என்றால் 1 முதல் 1.5 சதவீதத்திற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பேருந்து 6 அல்லது 7 சதவீதத்தையும் ஏறிவிடும். 10 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு போட்டிருந்தால், 3 சதவீதச் சரிவில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே பாதையின் நீளம் குறைந்தது 333 மீட்டர் இருக்க வேண்டும். கவராயத்தை அந்த அளவுக்கு விரித்து வைத்துக்கொண்டு கோடு கோடாகத் தாண்டிப் போனால், ரயில் ஏறக்கூடிய வழி தானே தெரியவரும்.

வெண்கரையில் ஆற்றங்கரையின் உயரம் 12 மீட்டர். அங்கிருந்து 1.2 கிலோமீட்டர் தொலைவில் ஓடைமேடு 72 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1,200 மீட்டரில் 60 மீட்டர் ஏறுவது 5 சதவீதம். முதல் வரைபடத்தில் ரயிலை அதன்மேல் நேராக ஏற்றியிருந்தேன். இரண்டாம் முறை பாதையை ஓடையின் பள்ளத்தாக்கோடு வளைத்துக்கொண்டு போனேன், 2.4 கிலோமீட்டர் கூடிப்போனாலும் சரிவு 2 சதவீதத்திற்குள் வந்தது. அந்த வளைவு கொண்டுவந்த நன்மையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பள்ளத்தாக்கில் இரண்டு நிலையங்கள் கிடைத்தன. படத்திலேயே மிக உயிரோட்டமான இரண்டு புறநகர்கள் இன்று அவற்றைச் சுற்றித்தான் இருக்கின்றன.

தரையில் செல்லும் இரட்டைப் பாதைக்கு 30 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை ஒதுக்குங்கள். முதன்மைப் பாதையின் வளைவுக்கு 300 மீட்டர் ஆரம் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ட்ராம் 25 மீட்டர் ஆரத்திலும் தெருமுனையில் திரும்பிவிடும். நிலையம் அமையும் இடம் நேராகவும் ஏறக்குறைய சமதளமாகவும் இருக்கட்டும். பாதையின் வெளிமுனைக்கு அருகே 10 முதல் 20 ஹெக்டேர் வரை பணிமனைக்கு ஒதுக்க மறக்காதீர்கள். எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடியும் பாதைகளை நிறைய வரைபடங்களில் காணலாம். இரவில் அந்த ரயில்கள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் தெரியாது.

4. புறநகரின் மக்கள்தொகையைக் கணக்கிடுங்கள்

நிலையத்தை நடுவில் வைத்து 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய தொலைவு அது; அதன் பரப்பு சுமார் 200 ஹெக்டேர். பேருந்து நிறுத்தத்திற்கு வழக்கமாக 400 மீட்டர் கொள்வார்கள். அது சுமார் 50 ஹெக்டேர்.

அந்த 200 ஹெக்டேரையும் வீடுகளால் நிரப்பிவிடாதீர்கள். தெரு, பள்ளி, பூங்கா, கடைகள், துணைமின் நிலையம் ஆகியவற்றுக்குப் பாதி போய்விடும். மீதி 100 ஹெக்டேரில், ஹெக்டேருக்கு 60 வீடுகள் வீதம், வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 18,000 பேர். இது அடுக்கு வீடுகளும் தொடர் வீடுகளும் கலந்த புறநகர். தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் என்றால் ஹெக்டேருக்கு 15 வீடு என்று வைத்து, 4,500 பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த எண்ணிக்கைக்கு மெட்ரோ நிலையம் கட்டுவது வீண்.

வட்டத்தை அப்படியே நம்புவதும் ஒரு பொறிதான். மனிதர்கள் தெரு வழியேதான் நடக்கிறார்கள். கட்டம் கட்டமான தெருக்களில்கூட நேர்க்கோட்டுத் தொலைவைவிட 20 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். முட்டுச்சந்துகள் நிறைந்த புறநகரில் இன்னும் மோசம். என் முதல் படத்தில் ஒரு வீட்டின் பின்சுவருக்கும் நடைமேடைக்கும் இடையே 90 மீட்டர்தான் இருந்தது; வாசல் வழியாக நடந்துவர 1.3 கிலோமீட்டர் ஆனது. தெருக்களை வரைந்த பிறகு, மூலைவீடுகள் சிலவற்றிலிருந்து நிலையத்திற்கு நடைவழியை அளந்து பாருங்கள். தேவைப்படும் இடத்தில் வீடுகளுக்கு இடையே மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாதை விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு சொல்: கழிவுநீர் முடிந்தவரை சரிவைப் பின்பற்றியே ஓடும் என்பதால், சுத்திகரிப்பு நிலையம் புறநகரின் தாழ்ந்த முனையில், குடிநீர் எடுக்கும் இடத்திற்குக் கீழ்நீரோட்டத்தில் இருக்க வேண்டும்.

5. எந்த வாகனம் என்பதைக் கணக்கு முடிவு செய்யட்டும்

மெட்ரோ போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆசையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, காலை உச்ச ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மையத்தை நோக்கிப் புறப்படுவார்கள் என்று கணக்கிடுங்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒருவர் புறப்படுவார், அவர்களில் பாதிப் பேர் பொதுப் போக்குவரத்தைப் பிடிப்பார்கள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 18,000 பேர் கொண்ட புறநகருக்கு 900 பேர். அப்படி ஆறு புறநகர்கள் ஒரே தடத்தில் இருந்தால் மணிக்கு 5,400 பேர்.

12 மீட்டர் பேருந்து ஒன்றில் சுமார் 70 பேர் ஏறினால் மணிக்கு 77 பேருந்துகள் வேண்டும். அதாவது ஒரு நிமிடத்திற்கும் குறைவான இடைவெளி. சாதாரணத் தெருவில் அது நடக்காது. 250 பேர் ஏறும் ட்ராம் என்றால் 22 வண்டிகள் போதும், மூன்று நிமிடத்திற்குள் ஒன்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ட்ராமே போதுமானது. ஆனால் என் தடத்தின் நீளம் 18 கிலோமீட்டர். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 20 கிலோமீட்டர் போகும் ட்ராமுக்கு 54 நிமிடம் ஆகும். 33 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மெட்ரோவுக்கு 33 நிமிடம். தொலைவுதான் மெட்ரோவைத் தேர்ந்தெடுத்தது. 8 கிலோமீட்டர் தடமாக இருந்திருந்தால் ட்ராமோடு நின்றிருப்பேன்.

கூட்டம் பெரிதில்லை என்பதால் நான்கு பெட்டி ரயிலே ஓட்டுகிறேன்; நடைமேடையை மட்டும் ஆறு பெட்டிக்கு ஏற்ப 140 மீட்டராக வரைந்திருக்கிறேன். நிலையத்தின் இருபுறமும் கட்டடங்கள் வந்த பிறகு நடைமேடையை நீட்டுவது, வரைபடத்தில்கூட, மனத்தை வாட்டும் வேலை.

6. கால அட்டவணையைப் போட்டுத் தடத்தைச் சோதியுங்கள்

பாதையைப் படத்தில் எப்படி வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். அதில் உள்ள பிழைகள் அட்டவணையில்தான் வெளிப்படும். ஒரு வழிக்கு 33 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் திரும்ப 5 நிமிடம் என்றால் முழுச் சுற்றுக்கு 76 நிமிடம். ஆறு நிமிடத்திற்கு ஒரு ரயில் வேண்டும் என்றால் 76ஐ 6ஆல் வகுக்க 12.67 வரும், பதின்மூன்று ரயில்கள் வேண்டும். பதின்மூன்றை 6ஆல் பெருக்கினால் 78 என்பதால், ஒவ்வொரு முனையிலும் கூடுதலாக ஒரு நிமிடம் ஓய்வு கிடைக்கிறது. பழுதுபார்ப்புக்கு இரண்டு ரயில்களைச் சேர்த்துப் பதினைந்து என்று வைத்து, அத்தனைக்கும் பணிமனையில் இடம் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். எனக்கு இருக்கவில்லை, பக்கத்துத் தொழிற்பேட்டையை நகர்த்த வேண்டியதாயிற்று.

நிலையத்திற்கு ஆட்களைக் கொண்டுவரும் இணைப்புப் பேருந்தின் இடைவெளி, ரயில் இடைவெளியின் மடங்காக இருக்கட்டும். ரயில் 6 நிமிடத்திற்கு ஒன்று, பேருந்து 15 நிமிடத்திற்கு ஒன்று என்று நான் முதலில் போட்டதால், இரண்டும் ஒழுங்காகச் சந்தித்தது அரைமணிக்கு ஒருமுறைதான். 12 நிமிடம் என்று மாற்றியதும் ஒவ்வொரு பேருந்தும் ஒரு ரயிலைப் பிடித்தது. ஆனால் 7 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்க 23 நிமிடத்திற்கு மேல் ஆகிறது. இரண்டு பேருந்து போதும் என்று கணக்கு சொன்னாலும், ஓட்டுநருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. மூன்று பேருந்துகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்க விரும்பினால், உண்மையான போக்குவரத்து நிறுவனங்கள் பயன்படுத்தும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்திலேயே எழுதலாம். நிறுத்தங்கள், தடங்கள், பயணங்கள், நிறுத்த நேரங்கள், நாட்காட்டி என்று தனித்தனி எளிய உரைக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் கோப்புதான் அது. அதில் தடத்தின் வகையை எண்ணால் குறிக்க வேண்டும்: ட்ராமுக்கு 0, மெட்ரோவுக்கு 1, ரயிலுக்கு 2, பேருந்துக்கு 3. நள்ளிரவைத் தாண்டும் பயணத்தில் 1.10 மணியை 25:10:00 என்று எழுத வேண்டும். 01:10:00 என்று எழுதியதால் என் கடைசி ரயில், புறப்படுவதற்கு இருபத்து மூன்று மணி நேரத்திற்கு முன்பே வந்து சேர்ந்தது.

7. செலவையும் திறப்பு ஆண்டையும் பதிவேட்டில் எழுதுங்கள்

கற்பனை நகரத்தில் பணம் எதற்கு என்று தோன்றலாம். பணக்கணக்கு இல்லாவிட்டால் எல்லாப் பாதையையும் சுரங்கத்தில் போட்டுவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். நாணயத்திற்குப் பெயர் வைத்து விலை நிர்ணயிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். தரையில் ஒரு கிலோமீட்டர் மெட்ரோ பாதை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டு, உயர்பாதைக்கு 2.5, சுரங்கத்திற்கு 5 என்று கணக்கிட்டால் போதும். உண்மையான திட்டங்களில் இந்த விகிதம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். தோராயக் கணக்குக்கு இது உதவும்.

என் 18 கிலோமீட்டரில் தரைப்பாதை 10, உயர்பாதை 6, சுரங்கம் 2 கிலோமீட்டர். மொத்தம் 10, 15, 10 என்று 35 அலகுகள். முழுவதும் சுரங்கம் என்றால் 90 அலகுகள் ஆகியிருக்கும். என் நகரம் ஆண்டுக்கு 5 அலகுகள் செலவழிக்கும் என்று விதித்திருப்பதால், 35 அலகுகளுக்கு ஏழு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே முதல் கட்டமாக ஆறு நிலையங்களை நான்காம் ஆண்டிலும் மீதியை ஏழாம் ஆண்டிலும் திறந்தேன். நான்காம் ஆண்டில் பாதை முடிந்த நிலையத்தைச் சுற்றி ஒரு பெரிய பேருந்து நிலையமும் நெருக்கமான கடைத்தெருவும் வரைந்திருக்கிறேன். பாதை நீண்ட பிறகு பேருந்து நிலையத்தின் பாதி வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. இப்படிப்பட்ட தழும்புகள்தான் வரைபடத்தைப் பார்ப்பவரை நம்பவைக்கின்றன.

8. பெயர்களும் நேரக் கணக்கும்

புறநகருக்குப் பெயர் வைக்கும்போது அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணச்சூளை, தாழையூர், மூன்றாம் மதகு என்று என் நிலையங்களுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். 'புது', 'நகர்' ஆகியவற்றை ஒவ்வொரு பெயரிலும் ஒட்டினால் பத்தாவது நிலையத்தில் உங்களுக்கே குழப்பமாகிவிடும். இரண்டு நிலையங்களின் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிவதையும் தவிர்த்துவிடுங்கள். தடப் படத்தைச் சிறிதாக்கும்போது அவை ஒன்றுபோலத் தெரியும்.

இரண்டாம் முறை எனக்கு ஆன நேரம் இது: வாரத்திற்கு ஆறு மணி நேரம் வீதம், நிலப்படத்தைச் சரிசெய்து பாதைக்கு இடம் ஒதுக்க மூன்று வாரம், முதல் புறநகரை மூலைவீடு வரை வரைய ஐந்து வாரம், அடுத்தடுத்த புறநகர்களுக்கு இரண்டு முதல் மூன்று வாரம், அட்டவணைக்கு இரண்டு வாரம். அட்டவணையை மூன்றாவது புறநகர் முடிந்தவுடனேயே போட்டுவிடுங்கள். அப்போது ஒரு நிலையத்தை நகர்த்த ஒரு மாலைப்பொழுது போதும். பதினான்காவது முடிந்த பிறகு அதே நிலையத்தை நகர்த்த எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு வாரமும் கோப்பைத் தேதியிட்டு வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்; அழித்த பதினொரு புறநகர்களில் இரண்டை நான் திரும்ப மீட்டது அப்படி வைத்திருந்த ஒரு பழைய நகலிலிருந்துதான்.